அன்னக்கொடிக்கும் பொற்கொடிக்கும் ஒரே வயசு

போன மாசியில் போடி ஜீப் ஸ்டாண்டில் ஒரு பூக்காரி என் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாள். கேட்டவளுக்கு அடுத்த நிமிஷமே மறந்திருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த வார்த்தையில்தான் ஆரம்பித்தது.

மலையில் இருக்கும் என் சின்னம்மா பொற்கொடி அன்றைக்கு இறங்கி வருகிறாள். சித்தப்பா சின்னமுத்து இறந்து வருஷம் திரும்பிவிட்டது. மகன் பிரபு எர்ணாகுளத்தில் வேலையில் இருந்தான். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில் தனியாகக் கிடக்காதே, எங்கூட வந்து கொஞ்ச நாள் இரு என்று என் அம்மா அன்னக்கொடி போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் சின்னம்மா சம்மதித்திருந்தாள். கூட்டிப் போக நானும் அம்மாவும் தேவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வெயிலில் காத்து நின்றோம்.

போடிமெட்டு ஜீப் வந்து நின்றது. ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்து வந்திருந்தார்கள். கடைசியாக இறங்கிய சின்னம்மா, பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரி, சின்னம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவிடம் கேட்டாள்.

"இது மூத்த மகளா ஆத்தா? மலையில குடுத்துருக்கீகளா?"

சின்னம்மா ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். "ஆமாத்தா, மூத்த மகதேன்" என்று சொல்லிப் பூ வாங்கி, சின்னம்மாவின் கையில் கொடுத்து, "உன் பேத்திக்கு எடுத்து வையி" என்று என் மகளுக்காகச் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்த அம்மா தேவாரம் வரும்வரை எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அம்மாவும் சின்னம்மாவும் இரட்டைப் பிள்ளைகள்.

இதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால், சும்மா சொல்கிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு காலத்தில் போடியில் அவர்களைத் தெரியாதவர் கிடையாது. முகம், மூக்கு, முன்பல்லில் இருந்த சின்ன இடைவெளி, நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடப்பது, எல்லாம் ஒன்று. பெற்றவளே விளக்கு வெளிச்சத்தில் தடுமாறுவாளாம். ஏலக்காய்க் கடைகளில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவர்களுடைய அப்பா, வேலை முடிந்து வந்து வாசலில் நிற்கும் பிள்ளையிடம், "நீ எதுடி, அன்னமா பொன்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையில் கை வைப்பாராம். அவர்கள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள்.

வயது வந்ததும் இரண்டு பேரும் ஒரே ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கப் போனார்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பச்சை நிறமும் பருமனும் பார்த்துக் காயைத் தனித்தனியாக ஒதுக்குவார்கள். மேற்பார்வை பார்த்த கன்னையன் என்பவர் கண்டிப்பானவர். யார் பேசினது, யார் சிரித்தது என்று அடையாளம் தெரியாமல் அவருக்கு எரிச்சல். ஒருத்தியை வரிசையின் இந்தக் கோடியிலும் இன்னொருத்தியை அந்தக் கோடியிலும் உட்காரவைத்தார். தண்ணீர் குடிக்கப் போய் வரும்போது இவர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிடுவார்கள். கன்னையன் அன்னத்தைத் திட்டுவதாக நினைத்துப் பொன்னைத் திட்டுவார். பொன்னு பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு காயைப் பிரிப்பாள், வரிசை முழுக்கத் தோள் குலுங்கும்.

என் அப்பா முத்துப்பாண்டியும் அகப்பட்டார். பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் போடிக்கு எதற்கோ வந்தவர், கடைத்தெருவில் தனக்குப் பார்த்த பெண்ணே எதிரில் வருவதைக் கண்டு தைரியமாகச் சிரித்து, "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார். எதிரில் வந்தது சின்னம்மா. "யாரப்பு நீ? வீட்டுல அக்கா தங்கச்சி இல்லையா?" என்று அத்தனை பேர் முன்னிலும் கேட்டுவிட்டாள். அப்பா வேர்த்து விறுவிறுத்து நின்றாராம். சின்னம்மாவுக்கு அவர் யாரென்று நன்றாகவே தெரியும். அதை அவள் அம்மாவிடம் சொன்னது கல்யாணம் முடிந்த பிறகுதான். அப்பா உயிரோடு இருந்தவரை, சின்னம்மா வந்தால் முதலில் கொஞ்ச நேரம் வாயைத் திறக்க மாட்டார். யார் எவரென்று குரலைக் கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்ட பிறகே பேசுவார்.

அம்மா தேவாரத்துக்குப் போனாள். கடலை, மக்காச்சோளம், தக்காளி என்று மழையையும் கிணற்றையும் பார்த்துப் போடுகிற வெள்ளாமை. மலை அடிவாரமாக இருந்தாலும் எங்கள் நிலத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சின்னம்மா போடிமெட்டுக்கு மேலே, கேரளா எல்லை தாண்டி ஒரு ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போனாள். சித்தப்பாவுக்கு அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. சின்னம்மாவுக்குக் காய் எடுக்கிற வேலை.

நான் மூன்று நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, என் தம்பி பிறக்கும் நேரத்தில் அம்மாவுக்கு உடம்பு மோசமாகித் தேனி ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுத்துவிட்டாள். என்னை மலைக்கு அனுப்பினார்கள். ஜீப்பில் யார் மடியில் போனேன் என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. ஒரு புகை நிறைந்த அடுப்படியும், வெளியே மரத்திலிருந்து விடாமல் சொட்டிய தண்ணீரும், நான் அழுதுகொண்டே நின்றதும் ஞாபகம் இருக்கிறது. அடுப்புப் பக்கமிருந்து எழுந்து வந்தவளை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா முகம். "அம்மா" என்றேன். சின்னம்மா, "நான் அம்மா இல்லடி" என்று சொல்லவில்லை. "வாத்தா" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் அழவில்லை என்று சொல்வார்கள். பகலெல்லாம் என்னைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் ஒரு மரத்தடியில் கம்பளியில் உட்காரவைத்துவிட்டுக் காய் எடுப்பாள். செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே, அதற்கு மேலே பெரிய பெரிய மரங்கள். நடுப்பகலிலும் சாயங்காலம் மாதிரி இருக்கும். அவ்வப்போது செடிகளை விலக்கிக்கொண்டு அந்த முகம் எட்டிப் பார்க்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. சின்னம்மாவிடம் ஏலக்காயும் புகையும் கலந்த வாசனை. அம்மாவிடம் கடலைச்செடி மண்ணின் வாசனை. வாசனை மாறியிருப்பது தெரிந்தது. முகம் இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போல.

உடம்பு தேறி அம்மா என்னைக் கூட்டிப்போக வந்த அன்று, நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு, சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேனாம். இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள். எனக்கு இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் மனசு இளகிவிடும். ஊரில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு முகம், எனக்கு மட்டும் மலையில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று.

அப்புறம் வருஷங்கள் போயின. நல்லது கெட்டதுக்கு மட்டும் பார்த்துக்கொண்டார்கள். வந்தால் காலையில் வந்து மத்தியானம் ஜீப் பிடிக்க ஓட வேண்டும். என் அப்பா திடீரென்று நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். தம்பி ராஜாராம் படித்து ஓசூர்ப் பக்கம் போனான். நான் அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டுத் தையல் கடை வைத்தேன். நிலத்தை அம்மா விடவில்லை. குத்தகைக்கு விடு என்று நாங்கள் சொன்னால், "எனக்கு வேற என்ன சோலி?" என்பாள். விடிந்ததும் கிழக்கே பார்க்க நடப்பாள், பொழுது சாயும்போது மேற்கே பார்க்கத் திரும்புவாள். போகும்போதும் வரும்போதும் சூரியன் முகத்துக்கு நேரே. தலையில் ஒரு துண்டு, அதுவும் சும்மாடு கட்டத்தான் உதவும். யானை வந்து சோளத்தை மிதித்த வருஷம்கூட, மறுநாள் வெயிலில் நின்று மிச்சக் கதிரை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகம் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. தினமும் பார்க்கிற முகத்தில் எதுவும் தெரிவதில்லை. பூக்காரி கேட்ட பிறகுதான் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சின்னம்மாவின் கன்னம் வழவழவென்று, கொஞ்சம் தொய்ந்து இருந்தது. அம்மாவின் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், தண்ணீர் வற்றிய கண்மாயின் தரை மாதிரி. பிடரியில் கட்டம் கட்டமாகத் தோல் தடித்திருந்தது. கண் ஓரங்களிலிருந்து காது வரைக்கும் கோடுகள் விசிறி விரிந்த மாதிரி ஓடின. கடைவாய்ப் பற்கள் போய்க் கன்னமும் உள்வாங்கியிருந்தது. பூக்காரியைக் குற்றம் சொல்ல முடியாது.

சின்னம்மா வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அம்மா என் கடைக்கு வந்து, தைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி ரேணுகா, பொன்னு மூஞ்சிக்கு என்னமும் பூசுறாளா?"

"மஞ்சள்கூடப் பூசுறதில்லம்மா. நீதான ஒரே வீட்டுல இருக்க, நீ பாக்கலையா?"

"பையில தேங்கா எண்ணெயத் தவிர ஒண்ணும் இல்ல."

பையைத் துழாவியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பங்குனியில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள் என்று நான் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். அம்மா கால் வலிக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். அரிசி டிரம்மை நான் ஒரு நாள் திறந்தபோது, அரிசிக்குள் கையில் தட்டுப்பட்டு ஒரு கிரீம் டப்பா வந்தது. சுருக்கம் போகும், முகம் வெளுக்கும் என்று மேலே எழுதியிருந்தது. எந்தக் கடையில் வாங்கினாளோ, யார் சொல்லிக்கொடுத்தார்களோ. திரும்ப அரிசிக்குள்ளேயே வைத்துவிட்டேன். வயசான காலத்தில் ஒரு ஆசை, பூசிக்கொள்ளட்டுமே என்று இருந்துவிட்டேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. முகம் பளபளவென்று ஆனது. அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை வாரினாள். பிறகு ஒரு நாள் காட்டிலிருந்து திரும்பியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். சின்னம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அடியே ரேணுகா, வெரசா வா. இவ மூஞ்சி தோசைக்கல்லா கொதிக்குதுடி!"

கன்னம் இரண்டும் சிவந்து வீங்கி, தோல் வெங்காயச் சருகு போல உரிந்துகொண்டிருந்தது.

தேனியில் ஒரு தோல் டாக்டர் இருந்தாள். அருணா என்று பெயர், நடுவயசுக்காரி. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன கிரீம் போட்டீங்க?" என்று கேட்டாள். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். நான் அதை எடுத்து வந்தது அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். என்னை ஒரு முறை முறைத்தாள்.

"இதுல வீரியமான மருந்து கலந்திருக்கும்மா. தோலை மெலிசாக்கிரும். அதோட வெயில்ல நின்னா வெந்து போகும். இனிமே தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மருந்து எழுதிக்கொண்டே சின்னம்மாவைப் பார்த்தாள். "இவங்க யாரு, தங்கச்சியா?"

"நாங்க ரெட்டைப் பிள்ளைக டாக்டரம்மா" என்றாள் சின்னம்மா. "ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்தவுக."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். இரண்டு பேரையும் எழுந்துவரச் சொல்லி, ஜன்னல் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, வெளிச்சத்தில் அக்கம்பக்கமாக உட்காரவைத்தாள். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா கூசிப்போய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்க வேலை பாத்தீங்க?" என்று சின்னம்மாவிடம் கேட்டாள்.

"ஏலத்தோட்டத்துல. கல்யாணம் ஆனதுலருந்து அங்கிட்டுதேன்."

"நீங்க?"

"காட்டுல" என்றாள் அம்மா. "எங்க காடு, கடலைக் காடு."

"அதாம்மா" என்றாள் டாக்டர். "தோலுக்கு அடியில நார் நாரா இருக்கும். நாடாக் கட்டில்ல நாடா இழுத்துக் கட்டியிருக்கோம்ல, அது மாதிரி தோலைத் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். வயசாக ஆக உடம்பு புது நார் உண்டாக்குறது குறைஞ்சிரும். தோல் வறண்டு மெலிசாகும். அது எல்லாருக்கும் வர்றது. ஆனா வெயில் இருக்கே, அது இருக்குற நாரையும் உள்ள போய் அறுத்துரும். உங்க தங்கச்சி மரத்து நிழல்லயும் மேகத்துலயும் இருந்திருக்காங்க. நீங்க பொட்டல்ல நின்னுருக்கீங்க. கன்னத்துல இந்தக் கட்டம் கட்டமான கோடு, பிடரியில தடிச்சிருக்கிறது, இதெல்லாம் வெயில் போட்டது. கண் ஓரத்துல இருக்குறது வெளிச்சம் கூசி கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வந்தது. ஒரே மடிப்புல ரொம்ப நாள் மடிச்சு வச்ச பட்டுச்சேலை அந்த இடத்துல கோடு விழுந்துருதுல்ல, அப்படி."

"அப்ப எனக்கு இவள விட வயசு ஆகலையா?" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்தாள். "கையைத் தூக்குங்க. ரெண்டு பேரும்." ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, தோளுக்குக் கீழே உள்பக்கத் தோல் தெரியும்படி இரண்டு பேருடைய கையையும் ஒட்டி வைத்தாள். "இந்த இடத்துல வெயில் பட்டிருக்காது. இங்க பாருங்க. உங்க வயசு இதுதான்."

நானும் குனிந்து பார்த்தேன். அதே நிறம். அதே மெல்லிய தோல், ஒரே மாதிரிக் கொஞ்சம் தளர்ந்து, துளி வித்தியாசம் இல்லாமல். முழங்கைக்குக் கீழே பார்க்காவிட்டால் எது யார் கை என்று எனக்குச் சொல்ல முடிந்திருக்காது. அம்மா அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் விரலால் சின்னம்மாவின் கையைத் தடவினாள், தன் கையைத் தடவினாள்.

"ஒண்ணுதேன்டி பொன்னு" என்றாள்.

டாக்டருக்கும் சுவாரசியம் பிடித்துவிட்டது. "உங்களுக்கும் சுருக்கம் இருக்கும்மா, வேற மாதிரி" என்று சின்னம்மா பக்கம் திரும்பினாள். "மேலுதட்டுல நெட்டுக்க நெட்டுக்கக் கோடு. பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?"

"அடி ஆத்தி!" சின்னம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "என்னையப் பாத்தா அப்படியா தெரியுது?"

"கோவிச்சுக்காதீங்க. புகை பிடிக்கிறவங்களுக்கு இப்படி வரும், அதான் கேட்டேன்."

"ஊதுகுழல் டாக்டரம்மா. மலையில மழ விடாது, வெறகு காயாது. ஊதி ஊதியே என் ஆயுசு போச்சு."

"அப்ப அதுதான். உதட்டைக் குவிச்சுக் குவிச்சு ஊதுனது. அடுப்புப் புகையும் சேர்ந்திருக்கும்." சின்னம்மாவின் இடது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே நெற்றிப்பொட்டிலிருந்து தாடை நோக்கிச் சாய்வாக இரண்டு கோடுகள் இறங்கின. வலது கன்னத்தில் அவை இல்லை. "எப்பவும் இடது பக்கமே ஒருக்களிச்சுப் படுப்பீங்களோ? தலையணையில அழுந்தி அழுந்தி வர்றது இது."

சின்னம்மா "ஆமா" என்று மட்டும் தலையை அசைத்தாள்.

அம்மாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. சின்னம்மாவின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆழமாக, நேராக விழுந்திருந்த கோடுகளைக் காட்டினாள். "இது எதனால டாக்டரம்மா?"

"முகத்தைச் சுளிச்சுக்கிட்டே இருந்தா வரும். கவலை, கோபம், எதுவா வேணும்னாலும் இருக்கலாம்."

வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் இருந்த பெஞ்சில் இரண்டு பேரையும் உட்காரவைத்துவிட்டு நான் மருந்து வாங்க நின்றேன். அம்மா பேசுவது என் காதில் விழுந்தது.

"பொன்னு, நெசமாச் சொல்லு. அந்த மனுசன் உன்னைய வச்சுப் பாத்தாகளா இல்லையா? நீ அம்புட்டு வருசம் அங்க அழுதுக்கிட்டா இருந்த? எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"என்னத்த அழுதேன்?"

"இந்தா, நெத்தியில இம்புட்டு ஆழமா விழுந்துருக்கே."

சின்னம்மா ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்துவிட்டு, பெஞ்சு ஆடும்படி சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே, எனக்குக் கண்ணு தெரியலடி! ஏலச்செடியில காய் தரையோட தரையா தூர்ல கெடக்கும். தோட்டம் இருட்டு. பழுத்தது எது, பிஞ்சு எதுன்னு பாத்து எடுக்கணும். பிஞ்ச எடுத்தா கங்காணி வைவாரு. கண்ண இடுக்கி இடுக்கிப் பாத்ததுல வந்ததுடி இது. அவுக என்னைய ஒரு சொல்லு சுடச் சொன்னதில்ல."

அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. உரிந்த கன்னம் எரிந்ததால் கையால் பிடித்துக்கொண்டே சிரித்தாள். மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் அம்மா கேட்டாள். "அப்ப அந்த இடது பக்கம்?"

சின்னம்மா தன் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அவுகளுக்குக் கை கால் விழுந்து கெடந்தாகல்ல. பேச்சும் கொழறிப் போச்சு. கூப்புட்டா வெளிய கேக்காது. கட்டில ஒட்டி கீழ பாய் போட்டு அவுக பக்கமே திரும்பிப் படுப்பேன். வாய் அசையுறது தெரியணும்ல. பொரண்டு படுத்துட்டா மனசு கேக்காது. அப்படியே பழகிப் போச்சு. இப்பக்கூட அந்தப் பக்கந்தேன் படுக்க வருது."

சித்தப்பா அப்படி வருஷக்கணக்காகக் கிடந்தார். எங்களுக்குத் தெரியும். போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம், பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. போகும்போதெல்லாம் சின்னம்மா டீ போட்டுக் கொடுத்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

"என்னையக் கூப்புட்டுருக்கலாம்லடி" என்றாள் அம்மா. "நான் வந்து கொஞ்ச நாளு மாத்திவிட்டுருப்பேன். உனக்குப் பதிலா நான் படுத்திருந்தா சின்னமுத்துக்கு என்ன தெரியவா போகுது?"

"கிறுக்கி" என்றாள் சின்னம்மா. இரண்டு பேரும் சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தார்கள். பிறகு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மருந்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். அந்தப் பேச்சு முடியட்டும் என்று இருந்தது.

அன்றைக்கே தேனியில் சின்னம்மாவுக்குக் கண் பரிசோதனை பண்ணி மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்தோம். கண்ணாடி தயாராகிவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்ததும் நான்தான் போய் வாங்கி வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிந்து, புதுத்தோல் வந்து, பழைய கோடுகளெல்லாம் திரும்பத் தெரிய ஆரம்பித்திருந்த நேரம். சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தாள், கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் சிரித்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் அம்மாவைச் சரியாகப் பார்த்ததே இல்லை. போடி ஜீப் ஸ்டாண்டில் பூக்காரி கேட்டபோது அவள் அப்படிச் சிரித்தது, அவள் கண்ணுக்கு எதிரில் மங்கலாக அந்தப் பழைய முகமே நின்றதால்தான்.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்றாள் அம்மா.

சின்னம்மா பக்கத்தில் வந்து குந்தி, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "வெயிலு உன்னைய இம்புட்டுத் தின்னுருக்கே அன்னம்" என்றாள். "எனக்குத் தெரியவே இல்லையே."

அம்மா கருவாட்டுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கூச்சப்படவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "நல்லாப் பாத்துக்க" என்றாள்.

சித்திரை கடைசியில் இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள், வரிசை வீட்டைக் காலி பண்ணி எஸ்டேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வர. இரண்டு நாளில் திரும்புகிறோம் என்று போனவர்கள் பத்து நாளுக்கு மேல் தங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு மலை பிடித்துப் போயிற்று. அட்டை கடிக்கிறது, குளிர் தாங்கவில்லை, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று தினமும் போனில் குறை சொல்வாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "பொன்னுக்கு இங்க இன்னும் கொஞ்சம் சோலி கெடக்கு" என்பாள். பாத்திரங்களை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, சித்தப்பாவின் கம்பளியையும் ஒரு சாக்கு துணிமணியையும் மட்டும் ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது இரண்டு பேரும் தேவாரத்தில்தான் இருக்கிறார்கள். கிணற்றடி நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அம்மா குத்தகைக்கு விட்டுவிட்டாள். விடியும் முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறாள். நான் தைத்துக் கொடுத்த அகல விளிம்புத் துணித்தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறாள். முதலில் தெருவில் சிரித்தார்கள். இப்போது அதே மாதிரி எனக்கொன்று தைத்துக் கொடு என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கோடுகள் போகவில்லை. போகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாள். அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கண்ணாடி வந்ததிலிருந்து சின்னம்மாவின் தொந்தரவுதான் தாங்கவில்லை. அரிசியில் கல், பாத்திரத்தில் பிசுக்கு, மூலையில் ஒட்டடை, நான் தைத்த தையலில் கோணல் என்று எதையும் விடுவதில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலை உரிக்கிறார்கள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது இவர்களை அக்கா தங்கையா என்று கேட்டால், இரண்டு பேருமே ஆமாம் என்கிறார்கள். யார் மூத்தவள் என்று கேட்டால்தான் சண்டை. நான்தான் முதலில் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள், இல்லை நான்தான், என்னைச் சின்னம்மா ஆக்கியதே இவள்தான் என்று சின்னம்மா சொல்வாள். உண்மை தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.